காசிமேடு நாட்குறிப்பு: ஆள் நிறைந்த படகு எதிரே வந்தால்

அக்டோபர் 3

2013இல் இதே நாள் விடியுமுன், இத்தாலியின் லம்பெதூசா தீவுக்கு அருகே, லிபியாவிலிருந்து அகதிகளோடு வந்த படகின் எஞ்சின் நின்றுபோனது. உதவி கேட்டுப் போர்வையைக் கொளுத்தினார்கள். தீ பரவ, எல்லோரும் ஒரே பக்கம் ஓட, படகு கவிழ்ந்தது. செத்தவர்கள் 368 பேர். முதலில் போய்ச் சேர்ந்தது தீவுக்காரர்களின் சின்னப் படகு ஒன்று. 47 பேரைத் தூக்கினார்கள். உடம்பெல்லாம் டீசல், பிடித்த கை சோப்பு மாதிரி வழுக்கியதாம்.

அந்தமான் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் 2015 மே மாதம் மியான்மர் அகதிகளான ரோஹிங்கியாக்கள் தத்தளித்தபோது கரை சேர்த்தது இந்தோனேசியாவின் ஆச்சே மீனவர்கள். அது நமக்குப் பக்கத்துக் கடல்தான்.

அக்டோபர் 4

அப்படி ஆள் நிறைந்த படகை நம்ம லாஞ்சு நெருங்கும்போதுதான் ஆபத்தே. அதில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்ததும் எழுந்து நம்ம பக்கம் சாய்வார்கள். அதனால் 100 மீட்டர் தள்ளியே நின்று, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுங்கள். வயர்லெஸ்ஸில் அவசர அழைப்புக்கான சேனல் 16, போன் கிடைத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. முதலில் லைஃப் ஜாக்கெட்டும் மிதவை கோத்த கயிறும் போகட்டும், ஆள் ஏற்றுவது பிறகு. தண்ணீரில் ஆள் இருந்தால் கியர் நியூட்ரல்.

பழைய வலையை மடித்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் கால் வைத்து ஏற வசதி. முடியாதவருக்குக் கையைப் பிடித்து இழுக்காமல், அக்குளுக்கும் முழங்காலுக்கும் அடியில் இரண்டு கயிறு போட்டுப் படுத்தவாக்கிலேயே தூக்க வேண்டும். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

அக்டோபர் 6

அகதிகள் வரும் ரப்பர் படகின் அடியில் பெட்ரோலும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து தேங்கும். நடுவில் உட்கார வைப்பது பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும். மணிக்கணக்கில் ஊறினால் தீயில்லாமலே தோல் வெந்து உரியும். மேலே பார்த்தால் வெறும் ஈரத்துணிதான். தார்ப்பாயால் மறைப்புக் கட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கூச்சத்தில் துணியைக் கழற்ற மாட்டார்கள். பிறகு நல்ல தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். லாஞ்சில் ஐஸ் இருப்பதால் கை அங்கேதான் போகும், வெந்த தோலில் அதை வைக்கவே கூடாது. கழற்றிய துணி அடுப்புப் பக்கம் வரக்கூடாது.

அக்டோபர் 7

'காப்பாற்றினால் நம்ம மேலேயே கேஸ் ஆகிடுமே' என்ற பயம் வீணானதல்ல. 2007இல் 44 பேரைக் காப்பாற்றி லம்பெதூசாவில் இறக்கிய துனீசிய மீனவர் ஏழு பேரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்களில் கேப்டன்கள் இருவரும் மேல்முறையீட்டில் விடுதலையாக 2011 ஆனது. அதனால் முதல்முறை பார்த்த நேரம், ஜிபிஎஸ் புள்ளி, யாரிடம் எப்போது பேசினோம், எத்தனை தலை என்று நோட்டில் அப்போதே பேனாவால் எழுதிவிடுங்கள்.