கேச் கிடைத்தது, சரி. லாக் எழுதினீர்களா?

ஜியோகேச்சிங் பக்கமே வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவை (அதுதான் கேச்) எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜியோகேச்சிங்.காம் தளத்தில் போடுவார். நாம் ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் நம் பெயரை எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவோம். அப்புறம் தளத்தில் லாக், அதாவது தேடிப் போன அனுபவத்தைப் பற்றிய குறிப்பு, எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் நிறையப் பேர் கடனே என்று செய்கிறார்கள்.

நான் இருப்பது ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில். இந்த விளையாட்டு பிறந்ததும் இங்கேதான். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் ஊருக்கு அருகே காட்டில் ஒரு வாளியை வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். புத்தகம், பீன்ஸ் டின் என்று சில சாமான்களோடு ஒரு நோட்டும் வைத்திருந்தார். சில நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்தவர்கள் நோட்டில் எழுதியதோடு நிற்காமல், போய் வந்த கதையை இணையத்திலும் எழுதினார்கள். அதைப் படித்துத்தான் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. ஆக, லாக் என்பது இந்த விளையாட்டோடு கூடவே பிறந்தது.

நானும் ஒரு கேச்சுக்கு ஓனர். மலைப்பாதை ஓரத்தில், விழுந்து கிடக்கும் ஒரு சீடர் மரத்தின் வேருக்கு அடியில், ராணுவத் தோட்டா வைக்கும் பச்சை இரும்புப் பெட்டி. யார் லாக் எழுதினாலும் எனக்கு மின்னஞ்சல் வரும். திறந்தால் பெரும்பாலும் 'டிஎஃப்டிசி' என்று நாலே ஆங்கில எழுத்து. கேச்சுக்கு நன்றி என்பதன் சுருக்கம். கடை பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்தின் அடிமூடிக்குள் வைத்த குட்டி டப்பாவுக்கு அது போதும். ஒரு மணி நேரம் மலை ஏற வேண்டிய இடத்துக்கும் அதையே எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இடம் தேடி, அனுமதி வாங்கி, பெட்டிக்குப் பெயின்ட் அடித்து, மழைக்காலத்தில் நோட்டை மாற்றிக்கொண்டிருப்பவருக்குக் கைக்குக் கிடைக்கும் ஒரே பலன் அந்த லாக்தான்.

பெரிய கட்டுரை யாரும் கேட்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு ஊசியிலை சிக்கியிருந்தது. எடுத்துவிட்டு அழுத்தி மூடினேன். நோட்டு உலர்ந்தே இருக்கிறது." அந்த இடைவெளி வழியாகத்தான் ஆரிகன் மழை முழுதும் உள்ளே இறங்கும். அந்த லாக்கைப் படித்தபோது அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

லாக்கைப் படிப்பவர் ஓனர் மட்டும் இல்லை. அடுத்து தேடப் போகிறவரும் படிக்கிறார். அதனால் விடையைப் போட்டு உடைக்காதீர்கள். துப்பைக்கூட அந்தத் தளம் ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளி மறைத்துத்தான் காட்டுகிறது. வேண்டும் என்பவர் மட்டும் படித்துக்கொள்ளலாம். அப்படி இருக்க, "வேலியின் மூன்றாவது கம்பத்துக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை" என்று எழுதினால் எப்படி? படமும் அப்படித்தான். மலையை, ஆற்றை, கூட வந்த நாய்க்குட்டியைப் போடுங்கள். டப்பா இருக்கும் பொந்து வேண்டாம்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது டிஎன்எஃப், அதாவது 'கிடைக்கவில்லை' என்ற லாக். அதை எழுதப் பலருக்குக் கூச்சம். தோல்வியை ஊரறியச் சொல்வது போல நினைக்கிறார்கள். எளிது என்று குறித்த கேச்சுக்கு வரிசையாக மூன்று டிஎன்எஃப் வந்தால், டப்பாவை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஓனர் சந்தேகப்பட்டுப் போய்ப் பார்ப்பார். நீங்கள் எழுதாமல் விட்டால் அடுத்து வரும் குடும்பமும் குழந்தைகளோடு இல்லாத டப்பாவைத் தேடும். எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்றும் சொல்லுங்கள். "ஆள் நடமாட்டம் இருந்ததால் 10 நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்" என்பதும், "ஒரு மணி நேரம் புதரைச் சல்லடையாகச் சலித்தேன்" என்பதும் ஓனருக்கு வேறு வேறு செய்தி.

கிடைக்காத கோபத்தில் தன் கையில் இருக்கும் ஃபிலிம் டப்பாவை அங்கே போட்டு, 'கிடைத்தது' என்று லாக் எழுதுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழைய டப்பா பத்திரமாக இருந்தால் இப்போது இடத்தில் இரண்டு டப்பா. வருகிறவர் எதில் பெயர் எழுதுவார்?

தாள் நனைந்து எழுதவே முடியவில்லை என்றால் படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். டப்பா உடைந்திருந்தால் லாக்குக்குள் புலம்புவதோடு நிறுத்தாமல், ஓனரின் கவனத்துக்கு என்று தனியாக ஒரு லாக் வகை இருக்கிறது, அதையும் போடுங்கள்.

டப்பாவுக்குள் டிராவல் பக் (எண் பொறித்த பட்டையோடு ஒரு கேச்சிலிருந்து இன்னொரு கேச்சுக்குப் பயணம் போகும் பொருள்) இருந்து எடுத்துக்கொண்டீர்களா? அன்றைக்கே அதையும் லாக் செய்துவிடுங்கள். பட்டையில் பொறித்த எண் தெரியும்படி மட்டும் படம் போட வேண்டாம். அந்த எண் வெளியே வந்தால், அதைக் கையில் தொடாதவர்கள்கூட வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்ததாக லாக் எழுதிவிடலாம்.