டியூப் எடுக்கும்போது ஒரு நடவுப் பாட்டு

இதய அறுவைச் சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். பைபாஸ் முடிந்தவர்களிடம் எது ரொம்ப வலித்தது என்று கேட்டால், பலர் நெஞ்சுத் தையலைச் சொல்வதில்லை. டியூப் எடுத்ததைச் சொல்வார்கள். உள்ளே தேங்கும் ரத்தமும் நீரும் வடிவதற்காக வைக்கிற குழாய் அது. வடிவது குறைந்ததும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பில் உருவிவிடுவோம். உருவுவது கண நேர வேலைதான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் அலறியதைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பவருக்கு, டிரேயைப் பார்த்தவுடனே மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறிவிடும்.

புதுக்கோட்டைப் பக்கத்து ஆத்தா ஒருவர் போர்வையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வலி ஊசி முன்பே போட்டாகிவிட்டது. துடிப்பு 112. "என்ன பாட்டு கேப்பீங்க ஆத்தா?" என்றேன். "சினிமாப் பாட்டு வேணாம் தாயி. நடவுப் பாட்டு இருந்தாப் போடு."

போனில் தேடிப் போட்டேன். ஒரு பெண் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். கொஞ்ச நேரம் கேட்டவர், "இது எங்க ஊரு மெட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தானே பாட ஆரம்பித்தார். விலா வலியால் ஓர் அடிக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். பிடி தளர்ந்து, துடிப்பு 96-க்கு இறங்கியது. அந்த அடி முடியட்டும் என்று டாக்டரும் பொறுத்திருந்தார். குழாயை உருவியபோது ஆத்தா முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். அப்புறம், "அடுத்த அடி மறந்துபோச்சே" என்று எங்கள் மேல் கோபப்பட்டார்.

பாட்டு மருந்துக்கு மாற்று இல்லை. வலி மாத்திரையை ஒருபோதும் குறைக்கமாட்டோம். ஆனால் பதற்றம் குறைவதை ஆய்வுகளும் சொல்கின்றன. இதய நோயாளிகளும் இசையும் பற்றி காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 26 ஆய்வுகளை, மொத்தம் 1,369 பேரை, எடுத்துப் பார்த்தது. பதற்றத்தில் சிறிய அளவு பலன் இருந்தது. தனக்கு வேண்டிய பாட்டை நோயாளியே தேர்ந்தெடுத்தபோது அது கூடுதலாகத் தெரிந்தது. வலி கொஞ்சம் குறைந்தது, இசையை ஒரு தடவைக்கு மேல் கேட்டவர்களிடம்.

இந்தத் தேர்வு விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். யார் படுத்திருந்தாலும் அதே புல்லாங்குழல் சிடியைக் கூரை ஸ்பீக்கரில் நாள் முழுக்க ஓடவிடுகிற இடங்கள் உண்டு. திருவாரூர்க்காரர் ஒருவருக்கு ஓதுவார் பாடிய தேவாரம் வேண்டும். நாகூர்ப் பக்கத்து பாய்க்கு ஹனிபா குரல் வேண்டும். கோயில் வாசலிலேயே வளர்ந்தவருக்கு நாதஸ்வரம். அதிலும் சாமி புறப்பாட்டு மல்லாரியை ராத்திரியில் போட்டால் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். தாலாட்டு ராகமான நீலாம்பரி என்றால் கண் சொக்கும். வேகமான இசை மூச்சையும் துடிப்பையும் ஏற்றும் என்பதை இத்தாலியின் பாவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் அளந்து எழுதினார்கள். நடுவில் விட்ட 2 நிமிட அமைதியில் துடிப்பு, பாட்டு தொடங்கும் முன் இருந்ததைவிடவும் குறைந்ததாம். அதனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததை உடனே போடமாட்டேன். எதுவுமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட வேண்டும்.

சத்தம் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக் கூடாது, மானிட்டர் அலாரம் நோயாளியின் பாட்டில் அமுங்கவும் கூடாது. ஹெட்போனை ஒவ்வொருவருக்கும் துடைத்துத்தான் தருவோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், சட்டை துணியோடு இதையும் தயார் பண்ணுங்கள். என்ன கேட்கப் பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, போனில் இறக்கி வையுங்கள். ஐசியூவுக்குள் பெரும்பாலும் சிக்னல் கிடைக்காது. ஊரில் பாடுகிற அத்தையோ சித்தியோ இருந்தால், அவர்களை உட்காரவைத்துப் பதிவு செய்து கொண்டுவாருங்கள்.