மச்சு அறையும் மாடி சோலாரும்: வீட்டு வேலை நாட்குறிப்பு

மே 5, 2025, திங்கள்

இந்தக் கோடையில் வீட்டில் இரண்டு வேலைகள். பின்கட்டில் ஓட்டுக்குக் கீழே தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருக்கும் மச்சைப் பெரியவனுக்குப் படிக்கவும் படுக்கவும் தோதான அறையாக்க வேண்டும். முன்கட்டுக் கான்கிரீட் மாடியில் சோலார் போட வேண்டும். மச்சுக்கு ஆசாரியும் கொத்தனாரும் வந்து பார்த்தார்கள். சோலாருக்குக் கம்பெனிப் பையன் ஒருவன் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனான். ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் வீட்டுக்காரர்களான நாங்கள்தான்.

வீடு மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஆட்டோ வரும், கார் வராது. மச்சுக்கு ஏற ஒரே ஒரு மரப்படி, அதுவும் அடுப்படி வாசலை ஒட்டி. படிக்கு அடியில் இன்வெர்ட்டரும் பேட்டரியும். மச்சில் இருக்கிற ஒரே ஜன்னலுக்கு அசையாத இரும்புக் கம்பி. ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியிலோ பேட்டரியிலோ புகை கிளம்பினால் மேலே தூங்குகிற பிள்ளை எந்த வழியாக இறங்குவான்? இதற்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் மச்சில் கட்டில் ஏறக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மே 9, வெள்ளி

சோலார் கணக்கு. போன பில்லில் இரண்டு மாதத்துக்கு 470 யூனிட். மச்சறைக்கு ஏசி வந்தால் 500 தாண்டும். தாண்டினால் கட்டண ஸ்லாப் மாறி, கீழே ஓடிய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து ரேட் ஏறும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 பக்கம் வரும். எங்களுக்கு அது போதும்.

கம்பெனிப் பையன் 3 கிலோவாட் போடச் சொல்கிறான். ஒன்றிய அரசின் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000 மானியம். "அதை ஏன் சார் விடறீங்க?" என்கிறான். அவன் போட்டுக் கொடுத்த படத்தில் 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். நடுவில் துடைக்க இடம் விட்டு, நிழல் விழாமல் தள்ளி வைத்ததில் மாடி முழுக்க அடைத்துவிட்டது.

இங்கேதான் சிக்கல். மச்சுத் தரையும் முன்கட்டு மாடித் தளமும் ஒரே மட்டம். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அதில் ஒரு கதவு வைத்துவிட்டால் பிள்ளை நேரே மாடிக்கு வந்து, வெளிப்படி வழியாகச் சந்தில் இறங்கிவிடலாம். நான் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. ஆறு பேனல் படத்தில் அதே சுவருக்கு முன்னால் ஒரு அடி இடம்கூட இல்லை.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். இந்த வாரம் ஆசாரியையும் எதிர்பார்க்க முடியாது, கொத்தனாரையும் எதிர்பார்க்க முடியாது. நானும் யாரையும் கூப்பிடவில்லை.

மே 15, வியாழன்

சித்தப்பா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். போன வருடம் அங்கே அவன் வீட்டுப் பரணை அறையாக்கினான். போனில் ஒரு மணி நேரம் பேசினோம். அங்கே இதற்கென்றே கட்டட விதி உண்டு. தப்பிக்கிற ஜன்னல் என்றால் திறக்கும் இடம் குறைந்தது 0.33 சதுர மீட்டர், உயரமும் அகலமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அடிப்பகுதி தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அறையின் தரை தரைமட்டத்திலிருந்து நாலரை மீட்டருக்கு மேலே இருந்தால் ஜன்னலை நம்ப விடமாட்டார்கள். படிக்கட்டையே அரைமணி நேரம் தீ தாங்குகிற சுவரும் கதவும் வைத்து, வாசல் வரை பாதுகாக்கச் சொல்வார்கள். புகை அலாரம் மாடிக்கு மாடி, ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும்.

"அண்ணே, அங்க யாரும் கேக்க மாட்டாங்கன்னு விட்றாதீங்க" என்றான். அவன் சொன்னது நியாயம். இங்கே ஜன்னல் என்றாலே திருடனுக்காகக் கம்பி போட்டு அடைக்கிறோம். திருடன் உள்ளே வராத வழியில் பிள்ளையும் வெளியே போக முடியாது. நாலரை மீட்டர் கணக்கில் எங்கள் மச்சு உள்ளேதான் வருகிறது. இருந்தாலும் ஜன்னலைவிடக் கதவே மேல் என்று முடிவு செய்தோம். நாளைக்கு அம்மாவே மேலே போய்ப் படுத்தாலும் ஜன்னல் ஏறிக் குதிக்க முடியுமா?

மே 18, ஞாயிறு

மச்சுத் தரை. தாத்தா காலத்துத் தேக்கு உத்திரம், மேலே பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுனி போகிற சந்து. மத்தியானம் விளக்கை அணைத்துவிட்டு மேலே குப்புறப் படுத்துப் பார்த்தேன். கீழே அடுப்படி வெளிச்சம் கோடு கோடாகத் தெரிகிறது. மனைவி வெங்காயத்தை வதக்கப் போட்டதும் அரை நிமிடத்தில் வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. வாசனை வருகிற வழிதானே புகைக்கும்.

உத்திரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கெட்டி மரம் தீயில் சட்டென்று விழாது. மேலே கரிப் படலம் கட்டி, உள்ளே இருக்கிற மரத்தைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். பலகைச் சந்துதான் ஆபத்து. அடுப்படிக் கூரையில், உத்திரங்களுக்கு நடுவே ராக்வூல் (தீப்பிடிக்காத கல் பஞ்சு) வைத்து, கீழே தீ தாங்கும் கால்சியம் சிலிகேட் போர்டு இரண்டு அடுக்கு, ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வராமல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒயர் நுழைகிற ஓட்டைகளையும் தீ தாங்கும் சீலன்ட் போட்டு அடைக்க வேண்டும்.

ஓட்டுக்கு அடியில் சூடு தெரியாமல் இருக்க பிவிசி சீலிங் போட்டு, அதற்கு மேல் தெர்மாகோல் வைக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, விலையும் குறைவு. நான் மாட்டேன் என்றுவிட்டேன். தெர்மாகோல் பற்றினால் உருகி எரிந்துகொண்டே சொட்டும். பிவிசி கருகினால் அமிலப் புகை வரும், இரண்டு மூச்சில் தொண்டை அடைக்கும். படுக்கிற பிள்ளையின் தலைக்கு மேலே அதையா வைப்பது? அங்கேயும் ராக்வூல்தான், அதற்குக் கீழே அதே போர்டு.

மே 22, வியாழன்

தெரிந்தவர் மூலமாகத் தீயணைப்புத் துறையில் வேலை பார்க்கிற ஒருவர் சாயங்காலம் வந்தார். சந்து முனையிலேயே நின்று அகலத்தைப் பார்த்தார். "வண்டி வராது சார். ஹோஸை இழுத்துக்கிட்டு ஓடி வரணும். அதுக்குள்ள நீங்க வெளிய வந்திருக்கணும்." இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2020 தீபாவளி ராத்திரியில் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடை பற்றி எரிந்தபோது பழைய கட்டடம் இடிந்து விழுந்து, தீயணைக்கப் போன வீரர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தத் தெரு இங்கிருந்து நடக்கிற தூரம்.

சோலாரைப் பற்றிக் கேட்டேன். "மெயினை ஆஃப் பண்ணாலும் பேனல்ல கரண்ட் நிக்காது. வெயில் இருக்கிற வரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். எங்க ஆளுக அது தெரியாம தண்ணி அடிக்கக் கூடாது. பேனல் கரண்ட்டைத் துண்டிக்கிற டிசி சுவிட்ச் எங்க இருக்குன்னு வாசல் மீட்டர் பெட்டியில பெருசா எழுதி ஒட்டிருங்க" என்றார். படிக்கு அடியில் இருந்த பேட்டரியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட் பேட்டரி, எளிதில் பற்றுகிற ஹைட்ரஜன் வாயுவை விடும். அது காற்றோட்டமில்லாத மூலையில், மரப்படிக்கு அடியில், அடுப்படிக்குப் பக்கத்தில். சனிக்கிழமைக்குள் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னார். மறுநாளே மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

பட்டாசாலையில் சார்ட் பேப்பரை விரித்து ஆசாரி, கொத்தனார், கம்பெனிப் பையன் மூன்று பேரையும் உட்கார வைத்தேன். முதலில் கதவை வரைந்தோம். கதவிலிருந்து வெளிப்படி வரை நாலு அடி அகலத்துக்குச் சிவப்புக் கோடு. அதற்குள் பேனலும் வரக் கூடாது, ஸ்டாண்டின் காலும் வரக் கூடாது, தண்ணீர்த் தொட்டியும் வரக் கூடாது. மிச்ச இடத்தில் சோலார். நாலு பேனல் உட்கார்ந்தது, 2.16 கிலோவாட். 18,000 மானியம் போனது போகட்டும்.

அப்புறம் சோலார் இன்வெர்ட்டர், அதாவது பேனலின் டிசி கரண்ட்டை வீட்டுக்கான ஏசி கரண்ட்டாக மாற்றுகிற பெட்டி. வெயில், மழை படாது என்று அவன் மச்சுப் படிச் சுவரைக் காட்டினான். நாலு பேனல் தொடராக இணைத்தால் லோடு எதுவும் இணைக்காதபோது 200 வோல்ட் பக்கம் டிசி. வீட்டுக்கு வருகிற ஏசி கரண்ட் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், பொறி விழுந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. டிசி அப்படித் தொடாது. லூஸ் கனெக்ஷனில் ஒருமுறை பொறி பிடித்தால் நின்று எரியும். அந்த ஒயர் வீட்டுக்குள் ஓர் அடிகூட வரக் கூடாது என்றேன். இன்வெர்ட்டர் மாடியின் வடக்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே, பக்கத்திலேயே டிசி ஐசோலேட்டர், அதாவது அந்த டிசி சுவிட்ச். அங்கிருந்து ஏசி கரண்ட் மட்டும் வெளிச்சுவர் குழாயில் இறங்கி மீட்டருக்குப் போகும். ஒயர் பத்து அடி கூடும் என்றான். கூடட்டும்.

அம்மா ஒன்று கேட்டார்கள்: "வத்தல் எங்கப்பா காயப் போடுறது?" பேனல் ஸ்டாண்டுக்கும் தெற்குக் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இடம் விட்டிருக்கிறோம். சிவப்புக் கோட்டுக்குள் துணிக்கொடி மட்டும் கட்டக் கூடாது. இருட்டில், புகையில் ஓடி வருகிறவனுக்கு அந்தக் கயிறு சரியாகக் கழுத்துக்கு வரும்.

ஜூலை 3, வியாழன்

பேனல் ஏற்றினார்கள். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு. மதுரை கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் இருப்பதால் அது பொருத்தம்.

நான் பக்கத்திலேயே நின்று பார்த்தது கனெக்டர் மாட்டுகிற வேலையை. பேனலோடு வருகிற, ஒயர்களைக் கோக்கிற எம்சி4 கனெக்டர் ஒரு கம்பெனி, இவர்கள் ஒயர் நுனிக்குக் கொண்டு வந்தது வேறு கம்பெனி. இரண்டும் உள்ளே போகிறது, கிளிக் என்று சத்தமும் வருகிறது. ஆனாலும் உள்ளே உலோகம் உலோகத்தோடு உட்காருகிற அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இப்படிச் சேராத ஜோடியும், கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையும்தான் நாளாக நாளாகச் சூடேறிக் கருகும். அதே கம்பெனி கனெக்டர் வரும் வரை வேலையை நிறுத்தச் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் வந்தது. கிரிம்பிங் டூல் வைத்து அழுத்தி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, தளத்தில் உரசாமல் கிளிப் போட்டுக் கட்டினான். பையன் கெட்டிக்காரன். கேட்டால் ஒழுங்காகச் செய்கிறான், கேட்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 21 வருடம். 2004, ஜூலை 16. சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள். இந்த நாள் வந்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை.

பக்கத்து வீட்டு மாடியில் கீற்றுக் கொட்டகை இருக்கிறது. எங்கள் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டினால் தொடலாம். அந்த அண்ணனிடம் இன்று போய்ப் பேசினேன். பேனலுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தார். "இல்லண்ணே, தீபாவளிக்கு ஒரு ராக்கெட் விழுந்தா உங்க வீடும் போச்சு, எங்க பையன் வர்ற வழியும் போச்சு" என்றேன். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், ஐப்பசிக்குள் பிரித்துவிட்டுத் தகரம் போடுகிறேன் என்றார். பிரிக்கிற கூலியில் பாதி நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து மூன்றே நாள், காற்று அதற்குள் ஆரம்பித்துவிட்டது. ஸ்டாண்ட் போல்ட் எல்லாவற்றையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

அலாரம் மாட்டியாகிவிட்டது. மச்சறையிலும் படிக்கு மேலேயும் புகை அலாரம். அடுப்படியில் சூட்டுக்குக் கத்துகிற அலாரம். அங்கே புகை அலாரம் வைத்தால் மிளகாய் தாளிக்கிற ஒவ்வொரு முறையும் கத்தும், இரண்டாம் நாளே பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவோம். மூன்றும் ஒயர் இல்லாமல் இணைந்தவை. அடுப்படியில் பட்டனை அழுத்தினேன், மச்சில் படித்துக்கொண்டிருந்தவன் காதைப் பொத்திக்கொண்டு மாடிக் கதவு வழியாக ஓடி வந்தான். கட்டில் அடுத்த வாரம் ஏறும்.

எடுக்கிற கரண்ட்டையும் கொடுக்கிற கரண்ட்டையும் கணக்கிடுகிற இருவழி மீட்டருக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம் போயிருக்கிறது. அது மாட்டிய பிறகுதான் சோலாரை ஓட விடுவோம். மானியம் அதற்கப்புறம் வங்கிக் கணக்குக்கு வரும். மீட்டர் பெட்டியில் ஒட்ட வேண்டியதைப் பையனே எழுதிவிட்டான்: "மாடியில் சோலார் உண்டு. டிசி சுவிட்ச்: மாடி, வடக்குச் சுவர்." ஆசாரி நாளைக்கு வருகிறார். மச்சுக் கதவில் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும், உள்ளே கையால் நீக்குகிற தாழ்ப்பாள் ஒன்று போதும், பூட்டுக் கொண்டி வேண்டாம்.