வொயிட் ரிவர் குளிர்கால நாட்குறிப்பு: மின்னணுப் பட்டை இல்லாமல் பூமாவைத் தொடர்தல்

டிசம்பர் 2, 2024

கொலராடோவின் வடமேற்கில், மீக்கர் ஊரைச் சுற்றியுள்ள வொயிட் ரிவர் பள்ளத்தாக்கில் மான் வேட்டைப் பருவம் முடிந்து, மலைச்சிங்கம் என்றும் சொல்லப்படும் பூமாவின் வேட்டைப் பருவம் தொடங்கியிருக்கிறது. மார்ச் 31 வரை நீளும். இந்த வேட்டையைத் தடைசெய்யக் கோரிய 127-ஆம் முன்மொழிவு, நவம்பர் 5 வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்த்து விழுந்தவை ஏறத்தாழ 55 விழுக்காடு வாக்குகள். ஓரிகன் 1994-லும் வாஷிங்டன் மாநிலம் 1996-லும் நாய் வைத்துப் பூமா வேட்டையாடுவதை வாக்கெடுப்பு மூலமே நிறுத்திவிட்டன. கலிபோர்னியா 1990 வாக்கெடுப்பில் பூமா வேட்டையையே தடைசெய்துவிட்டது.

இன்று பெரும்பாலான வேட்டை நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் ஆஸ்ட்ரோ கருவி 2006 வாக்கில் வந்தது. அதற்கு முன் ரேடியோ பட்டையும் கையில் பிடிக்கும் ஆன்டெனாவும். இரண்டுக்கும் முன், 1901 குளிர்காலத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் வழிகாட்டி ஜான் காஃபுடன் இதே மீக்கர் பகுதியில் பூமா வேட்டையாடியபோது, நாய்கள் எங்கே என்று சொல்லக் காதும் பனித்தடமும்தான் இருந்தன. அந்த முறையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

பட்டை இருந்தால் எந்தத் தடத்திலும் நாயை அவிழ்த்துவிடலாம். போன இடம் திரையில் தெரியும். இல்லாதபோது, அவிழ்க்கும் அந்த ஒரு முடிவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதற்கு முன் செய்யும் வேலை கூடக்கூட, அதற்குப் பின் வரும் தொல்லை குறையும்.

டிசம்பர் 7, 2024

தடத்தின் வயது. பனி எப்போது நின்றது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவில் நின்ற பனியின் மேல் தெளிவான தடம் இருந்தால் அது சில மணி நேரத்துக்கு உட்பட்டது, கணக்கு எளிது. பழைய பனியில்தான் கண் ஏமாறும். தடத்துக்குப் பக்கத்திலேயே பூட்ஸ் காலை அழுத்தி இரண்டையும் ஒப்பிடுங்கள். புதுத் தடத்தின் விளிம்பில் சிதறிய பனித்துகள் விரல் பட்டால் உதிரும். நேரம் ஆக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரும் தரையும் இறுகிவிடும். தடத்தின் உள்ளே ஊசி ஊசியாக உறைபனி வளர்ந்திருந்தால் ஓர் இரவு கடந்துவிட்டது என்று பொருள். மான் தடம் பூமா தடத்தின் மேல் ஏறியிருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதும் உதவும்.

தெற்குச் சரிவில் அளவெடுக்கவே கூடாது. வெயிலில் தடம் உருகி விரிந்து, பெண் பூமாவின் கால் ஆணின் காலாகத் தெரியும். ஜூனிப்பர் மர நிழலில் இருக்கும் தடத்தைத் தேடிப் போய் அளக்க வேண்டும்.

நாயின் கால் சமச்சீராக இருக்கும், நகம் பதியும். பூமாவின் கால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நகம் பொதுவாகப் பதியாது. பாதத்தின் நடுத் திண்டின் பின் விளிம்பில் மூன்று மடிப்பு, முன் விளிம்பு நடுவில் சற்றுக் குழிந்து இரண்டு மேடாக. பின்காலின் திண்டு அகலம் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் முதிர்ந்த ஆண் என்பது பொதுவான கணக்கு. முன்கால் பின்காலைவிடப் பெரியது. எது எந்தக் கால் என்று பார்க்காமல் அளந்தால் கணக்கு பிழைக்கும். மேல் விளிம்பை விட்டு, கீழே அழுந்திய அடிப்பரப்பை மட்டும் அளக்க வேண்டும்.

டிசம்பர் 8, 2024

தெற்குச் சரிவுகளில் பனி போய்விட்டது. நாய்களை அவிழ்க்க வேண்டிய நாள் இல்லை.

டிசம்பர் 15, 2024

தடம் கிடைத்ததும் முன்னே போவதற்கு முன் பின்னோக்கிப் போங்கள். அரை மைலாவது நடக்க வேண்டும். காரணம் குட்டிகள்.

பூமாவுக்குக் குறிப்பிட்ட ஈனும் காலம் கிடையாது. சினைக்காலம் ஏறக்குறைய 92 நாள், குட்டி எந்த மாதத்திலும் பிறக்கலாம், ஒரு வருடத்துக்கு மேல் தாயோடு இருக்கும். சிறிய குட்டிகளை மறைவிடத்தில் விட்டுவிட்டுத் தாய் தனியாக வேட்டைக்குப் போவாள். அவள் தடம் ஒற்றையாகத்தான் தெரியும். பின்னோக்கிப் போனால் எங்காவது சிறு தடங்கள் வந்து சேரும், அல்லது அவள் கொன்று மூடி வைத்த மான் உடலைச் சுற்றிச் சின்னக் கால்கள் மிதித்திருக்கும். கண்டால் அந்தத் தடத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். குட்டியோடு இருக்கும் பெண் பூமாவைக் கொல்வது கொலராடோவில் குற்றம். உடலில் புள்ளி உள்ளதும் 35 பவுண்டுக்குக் குறைந்ததும் சட்டப்படி குட்டி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மறைவிடத்தில் காத்திருக்கும் குட்டிகள் பசியால் சாவதற்குக் காரணமான எவரும் தன்னை வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பின்னோக்கி நடப்பதில் இன்னொரு பயனும் உண்டு: ஆணா பெண்ணா என்பது நடையிலேயே தெரிய வரும். ஆண் பாறை விளிம்பையும் முகட்டையும் ஒட்டி நேராக நெடுந்தூரம் போகும். முகடுகள் கூடும் இடத்திலும் பெரிய மரத்தடியிலும் பின்கால்களால் சருகைச் சுரண்டிக் குவிக்கும். குவியல் பின்பக்கம் விழும்; எனவே விலங்கு பார்த்திருந்த திசை குவியலுக்கு எதிர்த்திசை. இரை தேடும் பெண் புதர் புதராக வளைந்து போகும்.

டிசம்பர் 21, 2024

வாரில் பிடித்து நடத்துதல். பட்டை இல்லாத வேட்டையின் முதுகெலும்பு இதுதான்.

ஒரு நாயை மட்டும், மூத்த, பழைய வாடையையும் விடாமல் பிடிக்கும் நாயை, நீளமான வாரில் முன்னே விடுங்கள். மற்றவை பின்னால் வருபவரிடம் கட்டப்பட்டிருக்கட்டும். தடத்தை இப்படிக் கால்நடையாகவே மணிக்கணக்கில் தொடர வேண்டும். அவிழ்க்க மூன்று அறிகுறிகள் உண்டு. பனித்துகள் இன்னும் உதிரியாக இருக்கும் தடம். பூமா படுத்து எழுந்த, அடிப்பனி உருகிப் பளபளக்கும் படுக்கை. புதிதாக மூடப்பட்ட இரை. காக்கையும் மேக்பை பறவையும் சுற்றினால் இரை அருகில் இருக்கிறது. வயிறு நிறைந்த பூமா இரைக்குச் சில நூறு மீட்டருக்குள் படுத்திருக்கும், எழுப்பினாலும் வெகுதூரம் ஓடாது. நாயை அவிழ்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

திசையை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். தடத்தில் குறுக்கே விழும் இளம் நாய், பாதி நேரம் பூமா வந்த வழியே ஓடும். பட்டை இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மாலை வரை தெரியாது.

எண்ணிக்கை மூன்று அல்லது நான்கு போதும். கொலராடோ சட்டம் எட்டு வரை அனுமதிக்கிறது. ஆனால் எட்டுக் குரல்கள் கலந்தால் எதையும் பிரித்தறிய முடியாது. ட்ரீயிங் வாக்கர் வகை நாய் வேகமானது, புது வாடைக்கு ஏற்றது. புளூடிக், பிளாக் அண்ட் டேன் வகைகள் பொதுவாக நிதானமானவை, பழைய தடத்தில் உழைப்பவை. பிளாட் வகை நாய், பாறைமேல் நிற்கும் பூமாவிடம் மல்லுக்கு நிற்கும், அதனாலேயே காயமும் படும். இளம் நாய் ஒன்றுக்கு மேல் வேண்டாம். மானைத் துரத்தும் நாய்க்கு இந்த முறையில் இடமே இல்லை. மான் பின்னால் போன குரல் நேர்கோட்டில், வேகமாக, திரும்பாமல் காதை விட்டு மறையும். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

இங்கே டிசம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. நண்பகலுக்குப் பின் எவ்வளவு நல்ல தடமானாலும் அவிழ்க்காதீர்கள்.

ஜனவரி 4, 2025

கேட்டல்.

அவிழ்த்த உடனே பின்னால் ஓடுவது பெரும் தவறு. முகட்டுக்கு ஏறுங்கள். வண்டியின் இயந்திரத்தை நிறுத்தி, குல்லாவைக் கழற்றி, வாயைச் சற்றே திறந்து, மேல்சட்டை உரசாமல் நில்லுங்கள். பள்ளத்தில் நின்றால் ஓடைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கும்.

காலை நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே சூடான காற்று மூடியிருக்கும். ஒலி மேலே தப்பாமல் தரையை நோக்கி வளைந்து நெடுந்தூரம் போகும். வெயில் தரையைச் சூடாக்கியதும் இது தலைகீழாகி, ஒலி மேல்நோக்கி வளைந்து காதுக்கு எட்டாமல் போகும். பத்து மணிக்கு நாய்கள் ‘காணாமல் போவதற்கு’ பல நேரம் இதுவே காரணம். அவை நகர்ந்திருக்கவே மாட்டா. புதிதாக விழுந்த மென்பனி ஒலியை உறிஞ்சும், மேல் இறுகிய பனி எதிரொலிக்கும். காற்று நாய்கள் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசும்படி இடம் மாறுங்கள்.

பழைய தடத்தில் ஒரே ஒரு நாய், இடைவெளி விட்டு, நீளமாக ஊளையிடும். பூமா எழுந்து ஓடியதும் எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் சேரும், சுருதி ஏறும், இடைவெளி மறையும். துரத்தப்பட்ட பூமா தப்பிக்க மரமேறியதும், முதலில் கண்டுபிடித்த நாய் ஒன்றிரண்டு முறை நீட்டிக் கூவிவிட்டு, வெட்டி வெட்டி ஒரே தாளத்தில் குரைக்கும். ஐந்து நிமிடம் திசை மாறாமல் அந்தத் தாளம் நீடித்தால் மரம் உறுதி. வெட்டுக் குரைப்பு நின்று நின்று, சிறிது நகர்ந்து மறுபடி தொடங்கினால் பூமா பாறை விளிம்பில் தரையில் நிற்கிறது. நாய் சாவது அங்கேதான். உடனே புறப்பட வேண்டும்.

பாறைச் சுவர் எதிரொலிதான் அதிகம் ஏமாற்றுவது. எதிரே இருக்கும் சுவரிலிருந்து குரல் வருவதாகத் தோன்றும். நாய்கள் உங்கள் காலடிப் பள்ளத்தில் இருக்கும். நூறு மீட்டர் நகர்ந்து மறுபடி கேளுங்கள். உண்மையான குரலின் திசை சீராக மாறும், எதிரொலி திடீரென்று தாவும் அல்லது மறையும்.

இருவர் இருந்தால் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரு முகடுகளில் நின்று, முன்பே ஒப்புக்கொண்ட நேரத்தில் இருவரும் திசைகாட்டியில் கோணம் குறிக்க வேண்டும். வரைபடத்தில் இரு கோடும் வெட்டும் இடம் நாய்களின் இடம். இந்தப் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 9 டிகிரி கிழக்கே விலகியிருக்கிறது. அதைக் கூட்டாமல் விட்டால் 3 கிலோமீட்டரில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தவறும். அங்கே இடையில் ஒரு முழுப் பள்ளமே கிடக்கலாம்.

ஜனவரி 12, 2025

தடம் அறுந்துபோதல். பூமாவுக்கு நீண்ட ஓட்டம் தாங்காது. அதன் பலம் குறுகிய பாய்ச்சலும் திருப்பமும். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் மலைகளில் பூமாவுக்கும் நாய்களுக்கும் பட்டை மாட்டி அளந்து 2017-இல் வெளியான ஆய்வு இதையே காட்டியது: பூமா இறுக்கமாகத் திரும்பித் திரும்பி, சரிவையும் மரத்தையும் பயன்படுத்தித் தப்பப் பார்க்கிறது, நாய் தாக்குப்பிடித்து ஓடுவதால் நெருங்குகிறது.

ஆகவே குரல் திடீரென்று நின்றால் பூமா வெகுதூரம் போயிருக்காது. நாய்களைப் பத்து நிமிடம் தாமாகத் தேட விடுங்கள். பிறகு, கடைசியாகக் குரல் வந்த இடத்தை நடுவாக வைத்து 50 மீட்டர் வட்டம், அதன்பின் 100 மீட்டர். விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் நடந்திருக்கும், பாறை விளிம்பிலிருந்து குதித்திருக்கும், ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவியிருக்கும். பாறைக்குக் கீழேதான் முதலில் பாருங்கள். நாய்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜனவரி 22, 2025

இந்த மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கொண்டுவந்த 15 ஓநாய்கள் ஈகிள், பிட்கின் மாவட்டங்களில் விடப்பட்டிருக்கின்றன. முதல் பத்து 2023 டிசம்பரில் வந்தவை. ஓநாய்க் கூட்டம் அந்நிய நாயைத் தன் எல்லைக்குள் விடாது. ஐடஹோவிலும் மொன்டானாவிலும் வேட்டை நாய்கள் இப்படி இறந்திருக்கின்றன. குரைக்கும் நாய் தானே தன் இடத்தைச் சொல்கிறது. எனவே ஓநாய்த் தடம் கண்ட பள்ளத்தாக்கில் பட்டை இல்லாமல் அவிழ்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நெடுஞ்சாலைக்கு அருகேயும் அப்படியே. பழைய முறை மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அதற்கு விலை நாயின் உயிர் அல்ல.

நில எல்லை இன்னொன்று. இங்கே அரசு நிலமும் தனியார் பண்ணையும் கலந்து கிடக்கின்றன. நாய் எந்த வேலியைத் தாண்டியது என்று உங்களுக்குத் தெரியாது. சுற்றியுள்ள எல்லாப் பண்ணைக்காரரிடமும் பருவம் தொடங்குமுன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 1, 2025

மரத்தடி. முதலில் ஒவ்வொரு நாயையும் தனித்தனி மரத்தில், பூமா குதித்தால் விழும் சரிவை விட்டு விலக்கிக் கட்டுங்கள். பிறகு தொலைவிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். ஆணுக்கு மலவாய்க்குக் கீழே நான்கைந்து அங்குலத்தில் ஓர் அங்குல அகலக் கரும்புள்ளி தெரியும். பெண்ணுக்கு அந்த இடத்தில் இருக்காது. வால் மறைத்தால் சுற்றி வந்து வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். பால்காம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஐயம் இருந்தால் நாய்களை வாரில் மாட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும்.

கொல்லாமல் திரும்புவது இந்த வேலையில் புதிதல்ல. வனவிலங்கு ஆய்வாளர் மாரிஸ் ஹார்னாக்கர் 1964 முதல் ஐடஹோவின் பிக் கிரீக் பகுதியில் வில்பர் வைல்ஸின் நாய்களைக் கொண்டு பூமாக்களை மரமேற்றி, மயக்கி, அடையாளமிட்டு விட்டார். பூமாவுக்கு ரேடியோ பட்டை மாட்டுவதற்கு முந்தைய ஆண்டுகளில், அதே பூமாவை மறுபடி மறுபடி நாய் வைத்துப் பிடித்துத்தான் அதன் எல்லையை அறிந்தார்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள பெலன்சியோ மலையில் 1996 மார்ச் 7 அன்று பண்ணைக்காரரும் வேட்டை வழிகாட்டியுமான வார்னர் கிளென்னின் நாய்கள் மடக்கியது பூமாவை அல்ல, ஜாகுவாரை. அவர் படம் எடுத்தார், நாய்களை அழைத்துக்கொண்டு விலகினார்.

பிப்ரவரி 9, 2025

நாய் திரும்பாத இரவுக்கான ஏற்பாடு. அவிழ்த்த இடத்தில் நீங்கள் அணிந்திருந்த மேல்சட்டையைத் தரையில் விரித்து வையுங்கள்; காற்றடிக்காத மர நிழலில், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். தொலைந்த நாய் தன் தடத்திலேயே திரும்பி வரும், வாடை கண்ட இடத்தில் படுத்துவிடும். விடியுமுன் வந்து பாருங்கள். உணவு வைக்க வேண்டாம், நரியும் கயோட்டியும் வந்து நாயை விரட்டும்.

மாட்டுக்கொம்பு ஊதலுக்கு நாய் திரும்பி வருவது குட்டியிலிருந்து பழக்கினால்தான் நடக்கும். தினமும் தீனி வைக்கும்போது மட்டும் ஊதுங்கள், வேறெப்போதும் கூடாது.

கழுத்துப்பட்டை ஓர் அங்குல அகலம், ஆரஞ்சு நிறம், உள்ளே இரு விரல் நுழையும் இறுக்கம். தொலைபேசி எண் பொறித்த பித்தளைத் தகட்டை ஆணியடித்துப் படுக்கையாகப் பொருத்துங்கள். தொங்கும் வில்லை புதரில் மாட்டும்.

பிப்ரவரி 27, 2025

பகலில் உருகி இரவில் இறுகும் பனி வந்துவிட்டது. அதன் விளிம்பு நாயின் காலைக் கிழிக்கும். தடத்தில் சிவப்பு தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். விரலிடை மயிரைக் கத்தரித்து வைத்தால் பனிக்கட்டி உருண்டை கட்டாது. கொழுப்பு மிகுந்த தீனியை இரவில் கொடுங்கள். ஓடும் முன் காலையில் வயிறு நிறைய வைத்தால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் கொல்லும். பையில் கம்பி வெட்டும் கருவி ஒன்று இருக்கட்டும், கண்ணியில் மாட்டிய நாய்க்கு அது மட்டுமே உதவும்.

ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் அந்த வேட்டைப் பிரிவில் கொல்ல அனுமதித்த பூமா எண்ணிக்கை வரம்பு நிரம்பிவிட்டதா என்று வனவிலங்குத் துறையிடம் பார்த்தாக வேண்டும். பருவக் கடைசியில் அது முந்தைய மாலை ஒன்றாகவும் விடியலில் வேறாகவும் இருக்கும்.