மழைக்கு ஏற்ற ஏ.டி. டயர்: 18,000 கி.மீ. ஓட்டிய கணக்கு

என் பிக்கப்பில் முன்பு இருந்த ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், அதாவது தார்ச்சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவானது) பார்க்கவே முரட்டுத்தனமாக இருக்கும். பெரிய பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்), நடுவில் விரல் நுழையும் இடைவெளி. மண், ஜல்லி, சேறு எதிலும் அது என்னைக் கைவிட்டதில்லை. ஆனால் வண்டி மாதத்தில் இரண்டு நாள்தான் மண்ணில் ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் தார்ச்சாலை, அதிலும் பெரும்பாலும் மழை. 5 மி.மீ. பட்டன் மிச்சமிருக்கும்போதே அந்த டயரைக் கழற்றியதற்கு ஒரு சாயங்காலம்தான் காரணம்.

அன்று வெறும் தூறல். சிக்னலைப் பார்த்து நாற்பதில் வந்து பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏ.பி.எஸ். படபடவென்று அடித்ததே தவிர வண்டி நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கும் வெள்ளைப் பட்டையின் மேல் போய்த்தான் நின்றது. நல்லவேளை, யாரும் கடக்கவில்லை. அதே வாரம் கொட்டுகிற மழையில், தேங்கிய தண்ணீரில் எழுபதில் போனபோது இதே டயர் ஆடாமல் நேராகப் போயிருந்தது. தேங்கிய தண்ணீரைச் சமாளிக்கிற டயர் தூறலில் ஏன் வழுக்க வேண்டும்? அதைப் புரிந்துகொள்ளாமல் புது டயர் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

மழையில் டயருக்கு இரண்டு வேலை இருக்கிறது. தண்ணீர் தேங்கியிருந்தால் அதை வாரி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும், ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். இதைத் தடுப்பது பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழமும் அகலமும். முரட்டு டயர் இதில் கெட்டி. தூறலிலோ கதை வேறு. சாலையில் படலம் போல ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கிழித்து ரப்பர் தாரைத் தொட வேண்டும். அந்த வேலையைச் செய்வது பட்டனில் வெட்டியிருக்கும் மெல்லிய கீறல்களும் (சைப் என்பது இதைத்தான்) ரப்பர் கலவையும். கல்லில் கிழியாமல் இருக்கக் கலவையைக் கடினமாக்கினால் ஈரப் பிடிப்பு குறையும். இடைவெளி பெரிதானால் தாரைத் தொடும் ரப்பரும் குறையும். என் பழைய டயரில் இரண்டு குறையும் சேர்ந்திருந்தன. போதாததற்கு, பட்டனுக்கு ஒரு கீறல்தான், அதுவும் தேய்ந்து மறைந்துவிட்டது.

அதனால் இந்த முறை கடையில் நான் முதலில் பார்த்தது பட்டனை அல்ல, கீறலை. கெட்டி அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரு டயரின் கீறலில் அதைச் செருகினால் மூன்று மி.மீ.யிலேயே முட்டி நின்றது. இன்னொன்றில் ஏறக்குறைய பள்ளத்தின் அடிவரை இறங்கியது. புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பாதி தேய்ந்த பிறகு முதல் டயரில் கீறலே இருக்காது. அட்டையோடு ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்ததில் அரை மணி நேரம் போயிற்று. எனக்கு இதைவிடப் பயன்பட்ட சோதனை வேறில்லை.

மலை முகட்டுக்குள் பனிச்செதில் (ஸ்னோஃபிளேக்) வரைந்த சின்னம் இருந்தால் மழைக்கும் நல்லது என்று பலர் சொல்வார்கள். அந்தச் சின்னம் கொட்டிக் கிடக்கும் வெண்பனியில் இழுத்துச் செல்லும் திறனுக்குக் கொடுப்பது. கீறல் நிறைய இருக்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஈரத்தில் பிரேக் பிடிப்பதற்கு அது சான்று ஆகாது. ஐரோப்பிய லேபிளில் ஈரப் பிடிப்புக்குத் தனியாக ஏ முதல் ஈ வரை தரம் உண்டு. கிடைத்தால் அதைப் பார்ப்பதே நேரான வழி.

அடுத்து எல்.டி. வகையா (லைட் டிரக், பாரம் ஏற்றுவதற்கான விறைப்பான டயர்), சாதாரண வகையா என்ற கேள்வி. என் வண்டியின் பின்பக்கம் பெரும்பாலும் காலியாகவே ஓடுகிறது. காலி பிக்கப் மழையில் பின்னால்தான் வழுக்கும். விறைப்பான எல்.டி. டயர் போட்டால் குண்டும் குழியுமான ஈரச் சாலையில் பின்பக்கம் இன்னும் துள்ளும். அதனால் சாதாரண வகையிலேயே 265/65ஆர்17 எடுத்தேன் (அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 அங்குலம்). சுமைக் குறியீடு 112, அதாவது ஒரு டயருக்கு 1,120 கிலோ. எனக்கு அது தாராளம். தினமும் பாரம் ஏற்றுகிறவர்கள் எல்.டி.தான் எடுக்க வேண்டும். 265/70 போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்று ஆசை இருந்தது. ஆனால் விட்டம் 3.4 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் ஓடும். அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பார்த்தேன். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம். வயதான ரப்பர் இறுகிப்போகும், தூறலில் நமக்கு வேண்டிய மென்மை அதில் இருக்காது.

மாட்டிய அன்று பட்டன் 10.5 மி.மீ. முதல் 300 கி.மீ. அடக்கியே ஓட்டினேன், புது டயரின் மேல்பூச்சு போகும்வரை பிடிப்பு முழுதாக வராது. பிறகு ஆளில்லாத ஓர் ஈரத் திடலில் அறுபதிலிருந்து முழு பிரேக். ஓரத்தில் வைத்த கல்லிலிருந்து காலால் எட்டு வைத்து அளந்தேன். பழைய டயரைக் கழற்றும் முன் இதே இடத்தில் 33 எட்டு, இப்போது 28. பழையது பாதி தேய்ந்தது, இது புத்தம் புதிது என்பதால் வித்தியாசம் முழுவதையும் தேர்வின் பலனாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த ஐந்து எட்டு சிக்னலில் எவ்வளவு பெரிய தூரம் என்பது எனக்குத் தெரியும்.

6,500 கி.மீ. வாக்கில் என் தவறு ஒன்று. மண் பாதைக்காக டயரின் காற்றழுத்தத்தை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 26-க்கு இறக்கியவன் திரும்பக் காற்றடிக்க மறந்துவிட்டேன். மறுநாள் நெடுஞ்சாலையில் அடைமழை. தொண்ணூறைத் தொடும்போது ஸ்டியரிங்கில் சட்டென்று கனம் போய்விட்டது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தேன். இரண்டு மூன்று நொடியில் பிடிப்பு திரும்பியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாசா ஆய்விலிருந்து வந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: பி.எஸ்.ஐ.யில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், பள்ளம் சமாளிக்க முடியாத தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். 35 பி.எஸ்.ஐ.க்கு அது சுமார் 99 கி.மீ., 26-க்கு சுமார் 85. எவ்வளவு நல்ல டயரானாலும் காற்று குறைந்தால் இதுதான் நிலைமை. இப்போது காற்றடிக்கும் சின்ன பம்ப் வண்டியிலேயே இருக்கிறது. அழுத்தத்தை மீட்டரில் பார்க்காமல் தார்ச்சாலைக்கு ஏறுவதில்லை.

இந்த டயரில் இழந்ததும் உண்டு. களிமண் சேற்றில் பள்ளம் சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. பழையது உதறித் தள்ளிய இடத்தில் இது சுழன்று நின்றது, ஒருமுறை கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. மாதத்தில் இரண்டு நாளுக்கு இது எனக்குச் சம்மதம்.

9,000-த்தில் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்தேன். இன்று 18,000. முன்னால் 7.9 மி.மீ., பின்னால் 8.3. அட்டையைச் செருகினேன், கீறல் இன்னும் ஆழமாகவே இருக்கிறது. சட்டம் 1.6 வரை அனுமதித்தாலும் மழைக்கு நான் 4 மி.மீ.யில் மாற்றிவிடுவேன். அடுத்த அளவீடு 25,000-த்தில், அதே திடலில், அதே கல்லிலிருந்து.