கட்டி முடியாத கோயில்

கட்டி முடித்த கோயிலைவிட, பாதியில் நிற்கும் கோயிலின் பழைய படம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1853-ல் ஆரம்பித்த கோயில் முடிந்தது 1893-ல். நாற்பது வருடம்! ரயில் வரும்வரை, சுமார் இருபது மைல் தள்ளியிருந்த மலையிலிருந்து கல்லை மாட்டு வண்டியில் இழுத்து வந்தார்கள்.

அந்தச் சுவர்கள் வளர வளரப் படமெடுத்தவர்களில் சார்லஸ் சாவேஜ் முக்கியமானவர். அன்று படமெடுப்பதே பெரும்பாடு. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான ரசாயனக் கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். யூட்டாவின் வறண்ட காற்றில் அது எவ்வளவு சீக்கிரம் காயும்! ஆள் அசைந்தால் ஆவி மாதிரி மங்கிவிடுவார். கல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. உளி பட்ட தடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

1883-ல் சாவேஜின் ஸ்டூடியோ தீப்பிடித்து, சேர்த்து வைத்த நெகட்டிவ்கள் போயே போய்விட்டன. நல்லவேளை, அதற்கு முன்பே முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்டு நிறைய விற்றிருந்தார். வாங்கிப் பத்திரப்படுத்தியவர்களுக்குக் கோடிப் புண்ணியம்.