மூன்றாவது வரைபடம்

பள்ளி எல்லைக்காக நான் போட்ட மூன்றாவது வரைபடம் சரியானது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போக்குவரத்துப் பிரிவுப் பெரியவர் கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுதாக இல்லை.

புது உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பகுதிப் பிள்ளைகள் படிப்பது என்று எல்லை வகுத்தபோது, முதல் இரண்டு வரைபடங்களும் ஹைவேயைத் தாண்டவில்லை. தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்பது அமெரிக்காவின் வட கரோலினாவில் இந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி, மறுபக்கம் வெள்ளையரும் எங்களைப் போன்ற இந்தியரும் படிக்கிற பள்ளி. சட்டம் போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை, வீட்டு விலையே பிரித்துவிடும். ஒரு பிள்ளையின் இனத்தைப் பார்த்து இன்ன பள்ளி என்று ஒதுக்குவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே ஏறக்குறைய அடைத்துவிட்டது. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதில் மட்டும் கொஞ்சம் வழி மிச்சமிருந்தது. அந்த வழியில்தான், ஹைவேயைத் தாண்டி மூன்றாவதைப் போட்டேன்.

பெரியவர் ஆதரிப்பார் என்று நம்பினேன். அவர் இதே மாநிலத்தின் சார்லட் நகரில் வளர்ந்த கறுப்பினத்தவர். ஸ்வான் வழக்கின் ஊர் அது. டேரியஸ், வீரா ஸ்வான் தம்பதி இந்தியாவில் மிஷனரிகளாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஆறு வயது மகன் ஜேம்ஸுக்கு வீட்டுக்குப் பக்கத்தில், இரு இனத்தவரும் படித்த பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் 1965-ல் வழக்குப் போட்டார். அதே ஆண்டு அவர் வீட்டில் குண்டு வெடித்தது. 1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாம்.

பெரியவர் அந்த பஸ்ஸில் போன பிள்ளை.

அவர் வரைபடத்தில் விரலை வைத்து, "இதுல பஸ் ஏறுறது யாரு?" என்றார். ஹைவேக்கு இந்தப் பக்கத்துக் கறுப்பினப் பிள்ளைகள் என்றேன்.

"அப்ப நாங்க ஒண்ணாவதுலேருந்து நாலாவது வரைக்கும் அவங்க பள்ளிக்குப் போனோம். அவங்க அஞ்சாவது, ஆறாவதுக்கு மட்டும் எங்க பக்கம் வந்தாங்க. எங்களுக்கு நாலு வருஷம், அவங்களுக்கு ரெண்டு. உங்க படத்துல அந்த ரெண்டு வருஷம்கூட இல்லையே?"

மாற்றிப் போட்டால் பள்ளி போர்டு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன்.

"சரி. அப்ப இது அவங்களுக்குப் பயந்து போட்ட படம்." குரலை உயர்த்தவில்லை. அப்புறம் பஸ் நேரங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

பயம் இல்லை, அனுபவம் என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்குப் பதில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தார்கள். 1974-ல் டெட்ராய்ட் வழக்கில், புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை பஸ் திட்டத்துக்குள் இழுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. வசதி உள்ளவர்கள் எல்லை தாண்டிப் போய்விட்டால் திட்டமே காலி. யாரும் ஓடிப்போகாத அளவுக்கு ஒரு கோட்டைப் போடுவதுதானே என் வேலை?

ஆனால் சார்லட்டே என் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. அங்கே 1969-ல் செகண்ட் வார்ட் என்ற கறுப்பினப் பள்ளியை மூடினார்கள். பதிலாகக் கட்டித் தருவதாகச் சொன்ன பள்ளி வரவே இல்லை. பெரியவரின் ஆட்களுக்கு ஒன்றுசேர்வது என்றால் இழப்பதும்தான். அந்த ஊரில் திட்டம் நிலைத்தது எப்போது? வசதியான வெள்ளையர் பகுதிப் பிள்ளைகளையும் வெஸ்ட் சார்லட் என்ற கறுப்பினப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான். பஸ் திட்டத்தை எதிர்த்து பாஸ்டன் கொந்தளித்த 1974-ல், அங்கிருந்து மாணவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனது அந்தப் பள்ளியைத்தான். அந்த வெள்ளையர் குடும்பங்கள் ஓடிவிடவில்லை. சார்லட்டில் நகரமும் புறநகரும் ஒரே மாவட்டம், ஓட இடம் குறைவு என்பதும் உண்மைதான். எங்கள் மாவட்டம் அப்படி இல்லை. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

போர்டு முதல் வரைபடத்தை எடுத்துக்கொண்டது. "இந்தப் பள்ளிக்காகத்தானே இங்க வீடு வாங்கினோம்" என்று கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசியவர்களில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. கோபமும் வருகிறது.

பஸ் வெள்ளையர் பக்கத்திலிருந்து கறுப்பினத்தவர் பக்கம் வருகிற மாதிரி நான்காவது ஒன்றைப் போட்டிருந்தால் ஒரு ஓட்டுகூட விழுந்திருக்காது. மூன்றாவதையும் அது கூடவே கவிழ்த்திருக்கும். அதனால் போடாதது சரிதான். ஆனால் சேம்பர்ஸும் முதல் சுற்றில் தோற்றவர்தான், அந்த வழக்குதான் 1968-ல் மறுபடி எழுந்தது. அடுத்த எல்லை மாற்றத்தில் எந்த வரைபடத்தை மேசையில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.